வாரியல் பட்டறையில் நாலு வருஷம்

2002 ஆகஸ்ட் மாதம். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் காட்டு ஊரிலிருந்து அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்குப் படிக்கப் போன பையனின் கையில் கல்லூரி ஒரு தாளைக் கொடுத்தது. மேலே அவர் பெயர். அதற்குக் கீழே, வாரத்துக்குப் பத்து மணி நேரம். அதற்கும் கீழே, வேலை பார்க்க வேண்டிய இடம்: துடைப்பப் பட்டறை.

தப்பாகப் படித்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். அகராதியைக்கூடப் புரட்டினார். வேறு அர்த்தம் ஏதுமில்லை, துடைப்பம்தான். கம்ப்யூட்டர் அறையில் வேலை கிடைக்கும், போனால் போகிறதென்று நூலகமாவது கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வந்தவர். அன்று இரவு விடுதித் தொலைபேசியில் அட்டை நம்பரைத் தட்டி, ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டு, அம்மாவை அழைத்துவரச் சொல்லிக் காத்திருந்தார். விஷயத்தைக் கேட்ட அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏய்யா, ஏரோப்பிளான் ஏறிப் போயி வாரியல் கட்டவா போன? அத இங்கன இருந்து கட்டுனா ஆகாதா?"

தெற்கத்திச் சீமையில் விளக்குமாற்றுக்கு வாரியல் என்று பெயர். கல்லூரியின் பெயரோ பெரியா. அம்மாவின் காதில் அது கடைசிவரை பெரியார் என்றுதான் விழுந்தது. "எம்மவன் அமெரிக்காவுல பெரியார் காலேஜ்ல படிக்கான்" என்று தெருவில் சொல்லிவைத்திருந்தார். சாதி பார்க்காமல் எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பதற்காகத் தொடங்கிய கல்லூரி அது என்பது பிற்பாடு தெரிந்தபோது, அம்மா சொன்னதில் பெரிய பிழை இல்லையென்று மகனுக்குப் பட்டது.

பெயரின் மூலம் பைபிளில் இருக்கிறது. தமிழ் பைபிளில் பெரோயா என்று வரும் பட்டணம்தான் இது. அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. எல்லா மக்களும் ஒரே ரத்தத்தால் ஆனவர்கள் என்ற பொருளில் அதே அதிகாரத்தில் வரும் வசனத்தைத்தான் கல்லூரி தன் முத்திரைச் சொல்லாக வைத்திருக்கிறது. 1855ல் ஜான் ஃபீ என்ற போதகர் ஓரறைப் பள்ளிக்கூடமாக இதைத் தொடங்கினார். அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்த மாநிலத்தில், அடிமை முறைக்கு எதிரான பள்ளி. இடம் கொடுத்தவர் காசியஸ் க்ளே என்ற நிலக்கிழார். குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்குப் பெற்றோர் வைத்த பெயர் நினைவிருக்கிறதல்லவா, அந்தப் பெயருக்கு மூலவர் இவர்தான். 1859 டிசம்பரில் ஆயுதம் ஏந்திய 60 பேர் வந்து, பத்து நாளில் ஊரைக் காலி செய்யுங்கள் என்று கெடு வைத்தார்கள். ஆசிரியர்கள் குடும்பத்தோடு கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. உள்நாட்டுப் போர் முடிந்ததும் திரும்பி வந்தார்கள். 1866–67ல் பள்ளியில் 187 பேர். கறுப்பர்கள் 96, வெள்ளையர்கள் 91.

இன்று அங்கே சுமார் 1,500 மாணவர்கள். எங்களூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் மட்டும் அதற்கு மேல் இருப்பார்கள் என்பார் இவர். இலக்கியம் படிப்பவரும் வரலாறு கேட்க வேண்டும், இயற்பியல் படிப்பவரும் சமயமும் இசையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வகைக் கல்லூரி. அப்படிப்பட்ட சின்னக் கல்லூரிகள் அமெரிக்காவில் நிறைய உண்டு. பலவும் பணக்காரப் பிள்ளைகளுக்கானவை. பெரியா நேர் எதிர். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைத்தான் சேர்க்கும். 1892 முதல் எந்த மாணவரிடமும் படிப்புக் கட்டணம் வாங்கியதில்லை. அப்பலேச்சிய மலைக்கிராமங்களிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். கூடவே பல நாடுகளிலிருந்து ஆண்டுக்குச் சிலர்.

இலவசப் படிப்பு என்று யாராவது சொன்னால் இவருக்குக் கோபம் வரும். கட்டணம் இல்லை, ஆனால் வேலை உண்டு. யாராக இருந்தாலும் வாரத்துக்குக் குறைந்தது பத்து மணி நேரம். மணிக்கு இவ்வளவு என்று சின்னக் கூலியும் உண்டு. மேற்பார்வையாளர் மாணவனின் வேலையை மதிப்பிட்டு எழுதுவார். படிப்பில் எப்படித் தேற வேண்டுமோ அப்படி வேலையிலும் தேற வேண்டும்.

பட்டறைக்குள் முதல் நாள் நுழைந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி வேறு விதமானது. கதவைத் திறந்ததும் வந்தது ஊர் வாசம். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த சோளத்தட்டைப் படப்பின் வாசம். சுவரோரம் அடுக்கியிருந்த கட்டுகளில் ஒன்றை உருவிப் பார்த்தார். சோளக்கதிர். கரிசலில் தலைவிரிச்சான் சோளம் என்று ஒரு பழைய ரகம் உண்டு. கதிர் மற்ற சோளத்தைப் போல உருண்டு திரளாமல், குளித்துவிட்டு முடியை உதறிய பெண்ணைப் போல விரிந்து நிற்கும். அதன் தூரத்து உறவுக்காரன் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அங்கே அதை ப்ரூம்கார்ன் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மக்காச்சோளம் என்று நினைத்துவிடக் கூடாது. நம் ஊர்ச் சோளத்தின் இனமேதான். ஆனால் தானியத்துக்காக வளர்ப்பதில்லை. நடுத்தண்டு குட்டையாகி, கிளைகள் மட்டும் முழ நீளத்துக்கு வளரும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த ரகம்.

அப்பா அறுக்கும் பயிர், தாத்தா கூழாகக் குடித்த பயிர். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் கைப்பிடிக்குக் காத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தது.

அமெரிக்காவில் இந்தச் சோளத்தில் துடைப்பம் கட்டி விற்கத் தொடங்கியவராக மாசசூசெட்ஸ் மாநிலம் ஹாட்லியைச் சேர்ந்த லெவி டிக்கின்சன் என்ற விவசாயியைச் சொல்வார்கள். 1797. அவருடையது உருண்டைத் துடைப்பம். அதை அழுத்தித் தட்டையாக்கித் தைத்தவர்கள் ஷேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தட்டையானபோதுதான் ஒரே வீச்சில் அகலமாகப் பெருக்க முடிந்தது. பெரியாவில் பட்டறை தொடங்கியது 1920ல். கருவிகள் எல்லாம் தாத்தா காலத்து இரும்பு. பெல்ட்டும் பல்சக்கரமும் மரப்பிடியுமாக, ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. இந்தப் பொறி காலையில் முரண்டு பிடிக்கும், அந்தப் பொறி ஈரநாளில் வழுக்கும் என்று பழகினால்தான் தெரியும்.

முதல் மூன்று வாரம் இவருக்குக் கட்டவே கொடுக்கவில்லை. பிரிக்கும் வேலைதான். நீளமானது ஒரு பக்கம், குட்டையானது ஒரு பக்கம், வளைந்தது ஒரு பக்கம். வளைந்ததைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, அது உள்ளே போகும். நேரான, மெல்லிய, நுனி சிதறாத கதிர்தான் வெளித்தோற்றத்துக்கு. ஒரு துடைப்பத்தின் அழகு வெளியே, உழைப்பு உள்ளே என்று இவர் விளையாட்டாகச் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, மனிதர்களைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், துடைப்பத்தைப் பற்றித்தான் சொன்னேன் என்பார்.

அடுத்தது நனைப்பது. காய்ந்த தட்டை கம்பி பட்டால் நொறுங்கும், நனைந்த தட்டை வளைந்துகொடுக்கும். பிறகு சுற்றுப்பொறி. துளையிட்ட மரக்கைப்பிடியைப் பொறியில் பூட்டி, கம்பியின் நுனியைத் துளையில் கொக்கிபோட வேண்டும். காலால் உதைத்தால் கைப்பிடி சுழலும், கம்பி விறைப்பாக வந்து சுற்றும். சுழலும்போதே இடதுகை, ஒவ்வொரு பிடிக் கதிராகக் கம்பிக்கு அடியில் கொடுத்துக்கொண்டே இருக்கும். முதலில் உள் அடுக்கு. அதன் மேல் இரண்டு பக்கமும் தோள். தோள் வைத்தால்தான் துடைப்பம் அகலும். தட்டையின் தடித்த அடியைக் கத்தியால் சாய்வாகச் சீவி, கழுத்தை ஒடுக்கி, கடைசியாக மேல் அடுக்கு. இதெல்லாம் எழுதப் படிக்கத்தான் வரிசை. கையில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். கால் உதைக்கும், கண் கழுத்தைப் பார்க்கும், கை எண்ணாமல் எண்ணும்.

கம்பி தளர்ந்தால் ஆறே மாதத்தில் கைப்பிடி கழன்று கையோடு வரும். ரொம்ப இறுகினால் தட்டை உள்ளேயே நொறுங்கி, பெருக்கப் பெருக்க உமி உதிர்க்கும். பெருக்குவதற்கென்று வாங்கிய பொருளே குப்பை போட்டால் வாங்கியவர் என்ன சொல்வார்? இழுவை எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் சொன்னது ஒன்றுதான்: கம்பியைக் கேள். விறைத்த கம்பி சுற்றும்போது மெல்ல முனகும். தளர்ந்தால் முனகல் நின்றுவிடும். இவருக்கு அந்த முனகல் காதில் விழ இரண்டு மாதம் ஆனது.

கடைசி வேலை தையல். உருண்டையாக இருப்பதை இடுக்கியில் கொடுத்துத் தட்டையாக நசுக்கி, நீண்ட ஊசியில் முறுக்கு நூல் கோத்து, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். உள்ளங்கையில் தோலுறை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் அவசரத்தில் மாட்டவில்லை. ஊசி உள்ளங்கைச் சதையில் அரை அங்குலம் போயிற்று. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கைரேகை பார்க்கிற ஊர்க்காரர் ஒருவர் அதைப் புதன் ரேகை என்று சொல்லி, இவருக்கு வியாபார யோகம் இருப்பதாகப் பலனும் சொன்னார்.

பெரிய நஷ்டமும் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை மாலை தொட்டியில் ஊறப்போட்ட கட்டை எடுத்து உலர வைக்காமல், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார். திங்கட்கிழமை வந்தால் முழுக்கட்டும் பூஞ்சை. மேற்பார்வையாளர் சத்தம் போடவில்லை. இது எத்தனை துடைப்பம் என்று மட்டும் கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னார்: 22. அவ்வளவையும் இவரே வண்டியில் அள்ளி எருக்குழியில் கொட்டினார். ஊரில் மழைக்கு முன் படப்பை மூட மறந்த ஒரு ராத்திரி அப்பா பட்ட பாடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த முதல் ஆண்டு அக்டோபரில்தான் ஒரு சேதி வந்தது. 9ஆம் தேதி வேதியியல் நோபல் பரிசை அறிவித்தார்கள். மூன்று பேரில் ஒருவர் ஜான் ஃபென். பெரியாவில் 1937ல் பட்டம் பெற்றவர். வளாகமெங்கும் அதே பேச்சு. பட்டறையிலும்தான். 85 வயதுக்காரருக்கு நோபல் கிடைத்திருக்கிறது, நம்மிடம் படித்தவர் என்று மாணவர்கள் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நீண்டபோது, துடைப்பம் தானாகக் கட்டிக்கொள்ளாது என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஃபென்னின் கதை பட்டறைப் பையன்களுக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. நியூயார்க்கில் பிறந்தவர். பொருளாதார மந்தத்தில் குடும்பம் நொடித்துப் பெரியா ஊருக்கு வந்து சேர்ந்தது. இங்கே இளநிலை, யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு பத்தாண்டுக்கு மேல் தொழில்துறை வேலை. நோபல் பெற்றுத் தந்த ஆராய்ச்சியை அவர் செய்தது அறுபது வயதைக் கடந்தபின். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை எடைபோட வேண்டுமென்றால் அவற்றைச் சிதைக்காமல் ஆவி நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சூடாக்கினால் சிதைந்துபோகும். ஃபென் கரைசலை நுண்ணிய ஊசிமுனை வழியாக மின்னேற்றித் தெளித்தார். துளி காற்றில் உலர்ந்து சுருங்கச் சுருங்க, மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு மட்டும் மிஞ்சும். பிறகு எடைபோட வேண்டியதுதான். இன்று மருந்து ஆராய்ச்சிக் கூடங்கள் அன்றாடம் பயன்படுத்தும் முறை இது. 70 வயதானதும் ஓய்வு என்று யேலில் விதி. ஃபென் பிற்பாடு வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்.

வேலை செய்து படித்ததால்தான் நோபல் கிடைத்தது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். துடைப்பம் கட்டிய ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கவில்லையே. கல்லூரிகள் தங்கள் பழைய மாணவர்களின் பட்டியலை நகைப்பெட்டி போலத் திறந்து காட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். ஆனால் பெரியாவின் பட்டியலில் ஒரு சங்கதி உண்மையாகவே கண்ணில் படுகிறது. இவர்களில் பெரும்பாலோர் இந்தக் கல்லூரி இல்லாவிட்டால் கல்லூரிப் படியையே மிதித்திருக்க மாட்டார்கள்.

பட்டறைக்குச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். கைவேலையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பார்கள். பதில் சொல்வதும் மாணவன் வேலைதான். இங்கே படித்த பெரிய ஆள் யார் என்று கேட்டால் முதலில் ஃபென் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர், பதில் தேடி நூலகத்துக்குப் போகத் தொடங்கிய பிறகு கார்ட்டர் வுட்சன் பெயரைச் சொல்லத் தொடங்கினார்.

வுட்சன் 1875ல் வர்ஜீனியாவில், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது வயது இருபதை ஒட்டி. இரண்டே ஆண்டுக்குள் அதை முடித்தார். பெரியாவில் 1903ல் பட்டம். 1912ல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர். அங்கே அந்தப் பட்டம் பெற்ற இரண்டாவது கறுப்பர். கறுப்பர் வரலாற்றுக்கென்று 1915ல் சங்கம் தொடங்கி, 1926 பிப்ரவரியில் ஒரு வாரத்தை அதற்கென ஒதுக்கச் செய்தார். இன்று அமெரிக்கா பிப்ரவரி முழுவதும் கொண்டாடும் கறுப்பர் வரலாற்று மாதம் அந்த ஒரு வாரத்திலிருந்து வளர்ந்தது.

அவர் பட்டம் பெற்ற ஆண்டை மறுபடி பாருங்கள். 1903. அடுத்த ஆண்டே கென்டக்கி சட்டமன்றம் டே சட்டம் கொண்டுவந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது. மாநிலத்தில் அப்படி நடத்திக்கொண்டிருந்த கல்லூரி இது ஒன்றுதான். எனவே யாரைக் குறிவைத்த சட்டம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பெரியா அதை எதிர்த்து வழக்காடியது. 1908ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. நீதிபதி ஜான் ஹார்லன் எதிர்த்துத் தீர்ப்பு எழுதினார், அவரும் கென்டக்கிக்காரர். தோற்ற கல்லூரி கறுப்பு மாணவர்களுக்காக நிதி திரட்டி, லூயிவில் பக்கத்தில் லிங்கன் இன்ஸ்டிடியூட் என்ற பள்ளியை 1912ல் தொடங்கியது. 1950ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் பெரியாவுக்குள் கறுப்பு மாணவர் மறுபடி வர முடிந்தது. இடையில் 46 வருடம். ஒரு சாதனைப் பட்டியலில் அந்த 46 வருடத்துக்கு உரிய பெயர்கள் இல்லாமல் போனதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

லிங்கன் பள்ளிக்கு நிதி திரட்டியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பாண்ட். பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1863ல் அடிமையாகப் பிறந்தவர், 1892ல் பெரியாவில் பட்டம் பெற்றவர். கல்லூரிச் செலவுக்கென்று தன்னிடமிருந்த ஒரே சொத்தான காளைக்கன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மலையேறி நடந்தே வந்து சேர்ந்தாராம். இந்தக் கதையை மேடைதோறும் சொன்னவர் அவர் பேரன் ஜூலியன் பாண்ட், குடிமை உரிமைப் போராட்டத்தின் முக்கியத் தலைவர்களில் ஒருவர். சுற்றுலாப் பயணிகளிடம் இவர் அதிகம் சொன்ன கதை இதுதான். மாட்டை விற்றுப் படிக்க வைத்த கதை கரிசல்காரனுக்குப் புதிதா என்ன? மாட்டையே ஓட்டிக்கொண்டு போய்க் கல்லூரி வாசலில் நிறுத்தினதுதான் புதுசு.

ஹுவானிடா க்ரெப்ஸ், ஹார்லன் மாவட்டத்தில் லிஞ்ச் என்ற நிலக்கரி ஊரில் பிறந்தவர். 1942ல் பெரியா பட்டம். பொருளாதாரப் பேராசிரியராகி, 1977ல் அதிபர் கார்ட்டரின் அமைச்சரவையில் வணிக அமைச்சரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். தரன் மஸ்ஸர் 1946ல் படித்து முடித்தவர். பிராட்வே நாடகங்களுக்கு ஒளி அமைத்து மூன்று முறை டோனி விருது வாங்கியவர். 1975ல் 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்காகக் கணினியில் இயங்கும் ஒளிப்பலகையை பிராட்வேக்கு முதன்முதலாகக் கொண்டுவந்தார். அதுவரை திரைக்குப் பின்னால் ஆட்கள் கைப்பிடிகளை ஏற்றி இறக்கித்தான் வெளிச்சம் மாறும். கார்ப் பந்தய உலகில் பெயர்பெற்ற ஜாக் ரவுஷ் 1964ல் இங்கே கணிதம் முடித்தவர்.

வளாகத்தில் அன்றாடம் கண்ணில் படுவது வேறு. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து மெய்யியல் விவாதித்தவள், இரவில் உணவுக்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டிருப்பாள். நேற்று இவர் தட்டை அவள் கழுவினாள், இன்று அவள் விடுதித் தாழ்வாரத்தைப் பெருக்குவது இவர் கட்டிய துடைப்பமாக இருக்கலாம். 1909ல் கட்டிய பூன் டாவர்ன் என்ற ஓட்டல் கல்லூரியுடையது. மக்காச்சோள மாவில் முட்டையும் பாலும் அடித்துச் சுடும் ஸ்பூன்பிரெட் அங்கே பேர்போனது. அதைப் பரிமாறுவோர் மாணவர்கள். தறிக்கூடம், தச்சுப் பட்டறை, பண்ணை, ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு எல்லா இடத்திலும் மாணவர்கள்தான். ஃபெல்ப்ஸ் ஸ்டோக்ஸ் சேப்பல் என்ற பெரிய மண்டபத்தை நூறாண்டுக்கு முன் கட்டியதே மாணவர்கள். செங்கல்கூட அவர்கள் சுட்டது. தறிக்கும் ஒரு பழங்கதை உண்டு. 1890களில் தலைவராக இருந்த வில்லியம் ஃப்ராஸ்ட், மலைக்கிராமத்துத் தாய்மார் நெய்து கொண்டுவந்த போர்வைகளைப் பிள்ளைகளின் செலவுக்கு ஈடாக வாங்கிக்கொண்டார்.

அக்டோபரில் ஒரு நாள் மலை நாள் என்று விடுமுறை. இருட்டோடு கிளம்பி, ஊருக்குக் கிழக்கே பினக்கிள் என்ற பாறை உச்சிக்கு ஏறி, சூரியன் எழுவதைப் பார்ப்பார்கள். இலையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறியிருக்கும் பருவம். முதல் வருடம் இவர் செருப்போடு போய்ப் பாதி வழியில் வார் அறுந்து, வெறுங்காலோடு ஏறினார். கரிசல் முள்ளில் நடந்த கால்தானே, ஒன்றும் ஆகவில்லை. கூட வந்தவர்கள்தான் பதறினார்கள்.

அப்போதைய கல்லூரித் தலைவர் லாரி ஷின் இந்தியச் சமயங்களைப் படித்த அறிஞர், ஹரே கிருஷ்ணா இயக்கத்தைப் பற்றி நூல் எழுதியவர். 2004ல் எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் பேராசிரியராக வந்து சேர்ந்தார். தன் பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே எழுதியவர். கென்டக்கியில் பிறந்து, உலகமெங்கும் பேர் வாங்கிவிட்டு ஊர்ப்பக்கம் திரும்பியவர். 2021ல் பெரியாவிலேயே காலமானார்.

இந்த ஏற்பாட்டைத் தேனும் பாலுமாக எழுதினால் அது பொய். பத்து மணி நேரம் என்பது தாளில் சின்ன எண். ஆய்வகம், கட்டுரை, தேர்வு எல்லாம் ஒரே வாரத்தில் வந்தால் கழுத்து நெரியும். முதல் பருவத்தில் கால்குலஸில் இவர் சறுக்கினார். பட்டறையால்தான் என்று அறைத்தோழனிடம் புலம்பினார். அவன் ஓட்டலில் இவரைவிட அதிக நேரம் பரிமாறிவிட்டு, நள்ளிரவில் புத்தகம் விரிப்பவன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான். ஒன்றும் சொல்லாமல் இவருடைய நாட்காட்டியை எடுத்து, சீட்டாடிய மாலைகளை மட்டும் வட்டம் போட்டுக் காட்டினான்.

அடுத்த ஆண்டு வேறு வேலைக்கு மாற வாய்ப்பு வந்தது. ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் அறையே கிடைத்திருக்கும். மாறவில்லை. ஏன் என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டார். ஊரில் விளக்குமாற்றைத் தொடும் கையை எந்தத் தெருவுக்கு உரியதென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பதில் தேவையில்லை. படித்தவன் கை அழுக்காகக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். பிள்ளையைப் படிக்க வைப்பதே அதற்குத்தான். இந்தப் பட்டறையில் செவிலியர் படிப்பு படிப்பவளும், போதகர் மகனும், கானாவிலிருந்து வந்த கணித மாணவனும் ஒரே தொட்டியில் கைவிட்டுச் சோளத்தட்டை அள்ளினார்கள். யாரும் யாரையும் விசேஷமாகப் பார்க்கவில்லை. அந்தச் சாதாரணத்தன்மை இவருக்கு மாணவப் பருவத்தின் பெரிய படிப்பாக இருந்தது. இதைக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் எழுதிவைக்க முடியாது. தொட்டியில் கைவிட்டால்தான் தெரியும்.

2006ல் இயற்பியலில் பட்டம். இப்போது சின்சினாட்டியில் மென்பொருள் வேலை. கார் நிறுத்தும் கொட்டகையில், தொழிலை விட்ட ஒரு கிழவரிடம் வாங்கிய பழைய உதைபொறி நிற்கிறது. சோளம் மெக்சிகோவிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் அதைப் பயிர் செய்பவர்கள் அருகிவிட்டார்கள். ஒவ்வொரு கதிரும் கையால் அறுக்க வேண்டிய பயிர், கூலி கட்டுப்படியாகாது. சனிக்கிழமைகளில் மூன்றோ நான்கோ கட்டுவார். கம்பி இன்னும் முனகுகிறது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து நீளம் பிரிப்பாள், வளைந்ததைத் தனியே வைப்பாள்.

இரண்டாம் ஆண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, தான் கட்டிய முதல் உருப்படியான துடைப்பத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். நீளக் கைப்பிடி பெட்டிக்குள் அடங்காதென்று கணப்பருகே வைக்கும் குட்டை ரகம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி விளக்குமாற்றை ஒரு முறையும் இவரை இரண்டு முறையும் பார்த்தார். அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலைத் தடவினார். பிறகு நேராக வாசலுக்குப் போய், சாணி தெளித்துக் காய்ந்த தரையில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வந்தார்.

"வாசலுக்கு இது ஆகாதுய்யா. புழுதியத் தள்ளுது, கூட்டல. நம்ம ஈர்க்கு வாரியல்தான் மண்ணுக்குத் தோது. இது வழவழன்னு சிமிண்டுத் தரை இருக்கிற வீட்டுக்கு."

தொழில்காரர் ஒருவரிடமிருந்து வந்திருக்க வேண்டிய தீர்ப்பு, அம்மா வாயிலிருந்து வந்தது. தட்டைத் துடைப்பம் மரத்தரைக்காகப் பிறந்தது என்று பட்டறையில் முதல் வாரமே சொல்லியிருந்தார்கள்.

பின்னால் வீட்டுக்கு மாடி எடுத்து, டைல்ஸ் போட்ட பிறகு அந்தத் துடைப்பத்துக்கு வேலை வந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் கழுத்துக் கம்பி தளரவில்லை. நான்கு வரித் தையலில் மூன்றாவது வரி மட்டும் கொஞ்சம் கோணல்.